மாத்திரை மேல பழி

எங்க இனயத்துல, 2017 ஒக்கிக்கு அப்புறம், எந்தப் பொம்பளைக்குப் படபடப்பு வந்தாலும் "கடலை நெனச்சுப் பயம்"தான். மாமிக்கும் அதையே சொல்லி, பதட்டத்துக்கு மாத்திரை கொடுத்தாங்க. கைநடுக்கம் நிக்கல, நல்லா சாப்பிட்டும் எடை குறைஞ்சுது. ரெண்டு மாசம் கழிச்சு ரத்தம் பாத்தா, தைராய்டு அதிகம்! "மாத்திரை செஞ்ச வேலை"ன்னு குரிசடிப் பக்கத்துலயே தீர்ப்பு சொல்லியாச்சு. மாமியும் சட்டுனு நிறுத்திட்டாங்க. தலைசுத்தல்தான் மிச்சம்.

எனக்கென்னவோ தைராய்டுதான் முதல்ல வந்திருக்கும்னு படுது. அது அதிகமா சுரந்தாலே படபடப்பு, நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். எஸ்சிடலோபிராம் மாதிரி பதட்ட மாத்திரைங்க அதைக் கூட்டுறது வழக்கமில்லை. அந்த விஷயத்துல பேர்போனது, இதயத்துக்குக் கொடுக்கிற அமியோடரோன். அதுல அயோடின் ஏராளம். இன்னொரு கூத்து, புரோப்ரனோலால். பதட்டத்துக்கும் அதுதான், தைராய்டு படபடப்புக்கும் அதுதான். துடிப்பு அடங்கிடும், உள்ளே இருக்கிற நோய் தெரியாமலே கிடக்கும்.

முதல் சீட்டு எழுதுறப்பவே ஒரு டிஎஸ்ஹெச் பாத்திருக்கலாம். புள்ளை கடலுக்குப் போற வீட்டுல பயம் இருக்கத்தான் செய்யும். அதுக்காக கழுத்தைத் தொட்டுக்கூடப் பாக்காம விடுறதா?

மாமிக்கு இப்ப கார்பிமசோல் ஓடுது. பழைய மாத்திரை இனி வேணுமான்னு கேக்க வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.