மயிரிழைக் கணக்கு

திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவுக்குத் துணி வாங்கப் போகும் தாய்மார்கள், கடைக்காரர் அளக்கும் கோலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். ஒரு விரற்கடை குறைந்தாலும், "ரவிக்கைக்குப் பற்றாதே!" என்பார்கள். அளவு தவறினால் துணி வீண் என்பது அவர்களுக்குத் தெரியும்.

துணிக்கே இவ்வளவு கவனம் வேண்டும். பெரிய இயந்திரங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

இதே கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலி இருக்கிறது. அங்கே மின்சாரம் உண்டாக்கும் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழல்கிறது. டர்பைனின் தண்டும், ஜெனரேட்டரின் தண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி, அதில் சில பங்கு விலகினாலும் போதும். நடுக்கம் பிறக்கும். பேரிங் சூடாகித் தேயும். இயந்திரத்தை நிறுத்த வேண்டி வரும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கும் ஆபத்து.

ஆகவே, அளவு என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. அதைப் பற்றிய பழைய பாடம் ஒன்று கடலூருக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

திருவந்திபுரத்தில் நடந்த அளவை

திருவந்திபுரம் என்றால் தேவநாத சுவாமி கோயிலும், கெடிலம் ஆறும் நினைவுக்கு வரும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் உருவத்தை அறிய நடந்த ஒரு பெரிய அளவையின் தென்கோடி இந்தத் திருவந்திபுரம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அந்த வேலையைச் செய்தார். 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ந் தேதி, சென்னைப் பறங்கிமலைக்கு அருகே அவர் அளக்கத் தொடங்கினார். கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் போட்டு இழுத்துவிடவில்லை. முக்காலிகளின் மேல் மரப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியை நீட்டினார்கள். வெயில் படாமல் கூடாரம் போட்டார்கள். பக்கத்திலே வெப்பமானிகளை வைத்தார்கள். இப்படி 400 தடவை! ஏழரை மைல் தூரம் அளந்து, 40,006 அடி என்று எழுதினார்கள். அடிக்குக் கீழே புள்ளிக் கணக்கும் போட்டார்கள்.

பிறகு ஒவ்வோர் அடியையும் சங்கிலியால் அளக்க வேண்டியதில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும், கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். தியோடலைட் என்ற கோணமானியைக் குன்று குன்றாக ஏற்றி, முக்கோணம் முக்கோணமாகக் கோத்துத் திருவந்திபுரம் வரை வந்தார்கள். இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து அந்த இடத்தின் அட்சரேகையை நிர்ணயித்தார்கள்.

திருவந்திபுரம் முதல், வடக்கே பௌத்ரி என்று அவர்கள் ஏட்டில் குறித்த இடம் வரை சுமார் 175 கிலோமீட்டர். அதிலிருந்து, இந்தப் பகுதியில் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் 60,494 பாகம் என்று லாம்டன் கண்டார். ஒரு பாகம் ஆறு அடி. இன்றைய கணக்கில் இது சுமார் 110.6 கிலோமீட்டர். செயற்கைக் கோள்கள் பறக்கும் இந்தக் காலத்துக் கணக்கும் அதே 110.6 கிலோமீட்டர்தான்!

வெயில் செய்யும் வேலை

லாம்டன் சங்கிலியின் பக்கத்தில் வெப்பமானி வைத்தது ஏன்? எஃகு சூட்டில் நீளும். குளிரில் சுருங்கும். 100 அடிச் சங்கிலி ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடேறினால், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக நீளும். இது அற்பம் என்று விட்டுவிட்டால், 400 தடவையில் அது 14 சென்டிமீட்டர் ஆகிவிடும். சிறு பிழையைச் சேர்த்துக்கொண்டே போனால் பெரும் பிழை. குடும்பக் கணக்கிலும் இதுதானே உண்மை?

ஒளியே கயிறு

இன்று தொழிற்சாலைகளில் அந்தச் சங்கிலியின் வேலையை ஒளி செய்கிறது. அந்தக் கருவிக்கு லேசர் டிராக்கர் என்று பெயர். 1980-களில் அமெரிக்க அரசின் அளவைத் தரக் கழகத்தில் காம் லாவ் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் இதை உருவாக்கினார்கள். இயந்திர மனிதனின் கை சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்கவே முதலில் செய்தார்கள்.

கருவி ஒரு முக்காலியின் மேல் நிற்கும். தொழிலாளி கையில் சிறு எலுமிச்சம்பழம் அளவில் ஓர் உருண்டை இருக்கும். அதற்குள் மூன்று கண்ணாடிகள் மூலை போலச் சேர்ந்திருக்கும். கருவி அனுப்பும் லேசர் ஒளி உருண்டையில் பட்டு, போன வழியே திரும்பும். உருண்டை நகர்ந்தால், இளம் சூரியகாந்திச் செடி சூரியனைப் பார்த்துத் திரும்புவது போலக் கருவியின் தலையும் திரும்பும். ஒளி சென்ற தூரம் ஒன்று, தலை திரும்பிய கோணங்கள் இரண்டு. இந்த மூன்றும் தெரிந்தால் உருண்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதாவது, லாம்டனின் சங்கிலியும் தியோடலைட்டும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன!

பத்து மீட்டர் தூரத்தில், தலைமயிரின் பருமனைவிடக் குறைந்த பிழையோடு இதனால் அளக்க முடியும். விமானத்தின் இறக்கை, கப்பலின் பகுதிகள், பெரிய டர்பைன் உறை ஆகியவற்றை இப்படித்தான் சரிபார்க்கிறார்கள்.

ஆனால் வெயில் இந்தக் கருவியையும் விடுவதில்லை. காற்றின் சூடு மாறினால் ஒளியின் வேகமும் சிறிது மாறும். அளக்கப்படும் பொருளும் நீளும். பத்து மீட்டர் எஃகு உத்தரம், காலையைவிட நண்பகலில் பத்து டிகிரி அதிகம் சூடேறினால், 1.2 மில்லிமீட்டர் நீண்டுவிடும். மயிரிழை பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு வெப்பத்தைக் குறிக்க மறந்தால், மயிரிழை அல்ல, கயிறே தவறிவிடும்!

கருவி விலையுயர்ந்தது என்பதால் கணக்கு சரியாகிவிடாது. அளப்பவரின் கவனமும் நேர்மையும்தான் கணக்கைச் சரியாக்கும்.

ஆர்க்காட்டுக் கைத்திறன்

லாம்டனின் அளவையைக் கம்பெனி அரசாங்கம் ஆதரித்தது தர்மத்துக்காக அல்ல. நாட்டை ஆள வரைபடம் வேண்டியிருந்தது. கருவி அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையது. குன்றின் மேல் கருவியைச் சுமந்தவர்களும், கொடி பிடித்து நின்றவர்களும் இந்த மண்ணின் மக்கள்.

ஆனால் சுமப்பதோடு எல்லாரும் நின்றுவிடவில்லை. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொசின் உசேன் அந்த நுட்பமான கருவிகளைப் பழுதுபார்க்கும் திறமை பெற்றார். 1843-ல் நில அளவைத் துறையின் கணிதக் கருவி செய்பவராகவே நியமனம் ஆனார். லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் துரை அவருடைய கைத்திறனைப் பெரிதும் மதித்தார். வாய்ப்புக் கிடைத்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எதையும் கற்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

செய்ய வேண்டியது

லேசர் டிராக்கர் செய்து பெயர் பெற்ற நிறுவனங்கள் அமெரிக்காவிலும், சுவிட்சர்லாந்திலும் தோன்றியவை. அந்தக் கருவியைத் தொடக்கூட வாய்ப்பில்லாமல் ஒரு மாணவன் படிப்பை முடித்தால், அவனுக்கு மிஞ்சுவது முக்காலி சுமக்கும் வேலைதான். தொழிற்பயிற்சி நிலையங்களும், பொறியியல் கல்லூரிகளும், பெரிய ஆலைகளும் சேர்ந்து மாணவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். அவர்கள் கையால் இயக்கிப் பழக வழி செய்ய வேண்டும்.

அதற்கு முன், செலவில்லாத வேலை ஒன்று உண்டு. பள்ளிக்கூட ஆசிரியர்கள் பிள்ளைகளைத் திருவந்திபுரத்துக்கு அழைத்துச் சென்று இந்தக் கதையைச் சொல்லலாம். ஒரு தெருவின் நீளத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளக்கட்டும். இரண்டு கணக்கும் ஒத்துவராது. அப்போது, "யார் கணக்குச் சரி?" என்று சண்டை வரும். எங்கே தவறு நேர்ந்தது என்று தேடத் தொடங்குவார்கள்.

தவறை மறைக்காமல் தேடக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம் எந்தக் கருவியையும் நம்பிக் கொடுக்கலாம்.