இல்லத்தரசிக்கு ஓர் அரை மணி நேரம்

“விடிந்தாற் பொழுது படுமட்டும் ஓயாத வேலை, எனக்கெதற்குத் தனியே ஒரு தேகப்பியாசம்?” என்று கேளாத குடும்பத் தலைவியர் நம்மிடையே மிகச் சிலரே. இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. உரலில் இடித்து, அம்மியில் அரைத்து, கிணற்றில் நீர் அள்ளிய நம் பாட்டியர்க்கு அது முற்றும் பொருந்தியது. இன்றோ பல வீடுகளில் மின்சாரம் அரைக்கிறது. குழாயில் நீர் வருகிறது. வேலை ஓயவில்லை, அதன் தன்மைதான் மாறிவிட்டது. அடுப்பருகே நெடுநேரம் நின்றாற் கால் கடுக்கும், நாரி நோகும். இருதயமோ பெரும்பாலும் தன் பழைய கதியிலேயே அடித்துக் கொண்டிருக்கும். களைப்பு வேறு, பயிற்சி வேறு.

இருதயம் வேண்டுவது யாது? பெருந்தசைகள் விடாது இயங்கி, மூச்சு விரைந்து, நாடித்துடிப்பு உயர்ந்து, அந்நிலை சிறிது நேரம் நீடித்தல் வேண்டும். விரைந்த நடை, சைக்கிளோட்டம், நீச்சல், நடனம் யாவும் இவ்வினத்தவை. மூச்சில் உட்கொள்ளும் ஒட்சிசனைக் கொண்டே தசைகள் இவற்றைச் செய்வதால் ‘ஏரோபிக்’ பயிற்சி எனப் பெயர் பெற்றன.

இத்தகைய உழைப்பின் பயனைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்று, இலண்டன் மாநகரின் மாடி பஸ்களிலே நிகழ்ந்தது. வைத்தியர் ஜெரி மொரிஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் அதனை 1953 இல் வெளியிட்டனர். நாள் முழுதும் இருந்தபடியே வண்டி செலுத்தும் சாரதிகளைவிட, மாடிப்படி ஏறியிறங்கி டிக்கெற் கொடுக்கும் கொண்டக்டர்களை மாரடைப்பு குறைவாகவே தாக்கியதைக் கண்டனர். அருமையான ஆராய்ச்சிதான்; ஆயினும் அதிற் கணக்கிடப்பட்டோர் அனைவரும் ஆடவரே!

பெண்களைப் பற்றி அக்காலம் கொண்டிருந்த எண்ணம் வேறு. 1928 ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய மங்கையர் களைத்துப் போனதை நம் பத்திரிகைக் குலத்தவர் பெரிதாக்கி எழுதினர். அதன்பின் 1960 வரை அவ்வோட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. (ஓடிக் களைத்துத் தரையில் விழும் ஆடவரை எவரும் செய்தியாக்குவதில்லை.) மகளிர் மரதன் ஒலிம்பிக்கில் இடம்பெற 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

பெண்களிடமிருந்தே பெற்ற விடை அமெரிக்கத் தாதியர் வாயிலாக வந்தது. 1976 இல் தொடங்கிய பெரும் ஆராய்ச்சி ஒன்றில் 121,000 க்கும் மேற்பட்ட தாதியர் சேர்ந்தனர். அவர்களுள் 72,488 பேரை எட்டு ஆண்டுகள் கவனித்துப் பெற்ற முடிவு 1999 இல் வெளியாயிற்று. வாரத்தில் மூன்று மணி நேரமேனும் விரைந்து நடந்தோர்க்கு, அசையாதிருந்தோரைவிட இருதய நோய் 30 முதல் 40 வீதம் வரை குறைவாயிருந்தது. புகைத்தல், உடற்பருமன் முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நின்றது. நடுவயதிலோ அதன் பின்னரோ நடக்கத் தொடங்கியவர்களும் இப்பயனைப் பெற்றனர் என்பதே நமக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது.

இது நிகழும் விதத்தையும் அறிதல் நன்று. உண்ட சோறு சீனியாகி இரத்தத்திற் கலக்கிறது. அதனைத் தசைக்குள் விடும் திறவுகோல் இன்சுலின். உழைக்கும் தசையோ இன்சுலின் துணையின்றியே சீனியை உள்ளிழுத்துக் கொள்ளும்! நடந்து முடித்த பின்னும் ஓரிரு நாள் வரை இன்சுலின் நன்கு வேலை செய்யும். ஆதலின் நீரிழிவுள்ளோர் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடலாகாது என்பர் வைத்தியர். கர்ப்ப காலத்தில் நீரிழிவு தோன்றி மறைந்த தாய்மார்க்கும், பின்னாளில் அது திரும்பி வரக்கூடுமாதலால், இந்நடை ஒரு காப்பு. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்திரஜன் குறைய, தீய கொலஸ்திரோல் ஏறும். இரத்த அமுக்கமும் ஏறக்கூடும். இடைவிடாப் பயிற்சி இரத்த அமுக்கத்தையும் இரத்தத்திலுள்ள கொழுப்பையும் தணிக்கும். நிறை குறையவில்லையே என்று சலித்து நிறுத்துவோர் பலர். தராசு அசையாவிடினும் இந்நன்மைகளிற் பல கிட்டவே செய்யும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்த அளவு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள். நாளுக்கு அரை மணியாக ஐந்து நாட்கள். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடக்கையிற் பேச முடியவேண்டும், பாட முடியலாகாது. நெஞ்சு நோவன்றி, இளைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ நோவு என்பனவும் பெண்களுக்கு இருதயம் தரும் எச்சரிக்கையாகலாம். அவை தோன்றின் உடனே நின்று வைத்தியரை நாட வேண்டும். இன்சுலின் ஏற்றுவோர் கையில் ஓர் இனிப்பும் காலில் நல்ல சப்பாத்தும் இன்றிப் புறப்படலாகாது.

எஞ்சியிருப்பது அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து பெறுவது என்பதே. அதனைத் தாயார் தாமாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டார்தாம் கொடுக்க வேண்டும். மாலையில் மகளோ மகனோ துணைக்கு நடக்கலாம்; பாடத்திற்கு அதனால் இழப்பொன்றுமில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை அடுப்படியைப் பார்த்துக்கொள்வதும், தம் தேநீரைத் தாமே தயாரித்துக் கொள்வதும் தந்தையர்க்கு இயலாத காரியங்கள் அல்லவே!