சதவீதத்தை மட்டும் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டின் பசுங்குடில் வாயு உமிழ்வில் வேளாண்மையின் பங்கு பாதியாகக் குறைந்துவிட்டது என்று பெருமையாக ஒரு பேச்சு. நெல்வயல்தான் மீத்தேனைக் கக்குகிறது, விவசாயி திருந்த வேண்டும் என்று இன்னொரு பேச்சு. வேளாண் கூட்டங்களில் இரண்டையும் ஒரே மேடையில், சில சமயம் ஒரே வாயிலிருந்தே கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சதவீதத்தை வைத்துக்கொண்டு பேசும் பேச்சு. அதற்கு என் ஆட்சேபத்தைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

இந்திய அரசு 2004இல் ஐ.நா. காலநிலை அமைப்புக்கு அளித்த முதல் அறிக்கை 1994ஆம் ஆண்டுக் கணக்கைச் சொன்னது. அதில் வேளாண்மையின் பங்கு 28 சதவீதம். 2007ஆம் ஆண்டுக்கு அது சுமார் 17, 2016க்கு 14.4, 2020க்கு 13.72. பாதியானது உண்மைதான். ஆனால் டன் கணக்கைப் பாருங்கள். கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றிச் சொன்னால், 1994இல் வேளாண்மை வெளியிட்டது சுமார் 34 கோடி டன். 2020இல் சுமார் 40 கோடி டன். கணக்கிடும் முறைகள் இடையில் மாறியிருக்கின்றன என்பதால் இரண்டையும் இம்மி பிசகாமல் ஒப்பிட முடியாது. இருந்தாலும் குறைந்தது என்று சொல்ல இதில் இடமே இல்லை.

பிறகு பங்கு மட்டும் எப்படிச் சரிந்தது? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எல்லாம் அடங்கிய எரிசக்தித் துறை அதே காலத்தில் 74 கோடி டன்னிலிருந்து ஏறக்குறைய 224 கோடி டன்னாக வளர்ந்துவிட்டது. கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் செலவு மூன்று மடங்கானால் தம்பி செலவின் பங்கு தானாகக் குறையும். தம்பி சிக்கனமாகிவிட்டான் என்று யாராவது மாலை போடுவார்களா?

கொரோனா ஆண்டு இதைத் தலைகீழாகக் காட்டியது. 2019இல் நாட்டின் மொத்த உமிழ்வு 313 கோடி டன். வேளாண்மையின் பங்கு 13.44 சதவீதம். மறு ஆண்டு ஊரடங்கில் வண்டியும் ஆலையும் நின்றதில் மொத்தம் 296 கோடி டன்னுக்கு இறங்கியது. வேளாண்மையின் பங்கோ 13.72 ஆக ஏறியது. பெருக்கிப் பார்த்தால் வேளாண்மையின் டன் அளவும் அந்த ஆண்டு சற்றுக் குறைந்தே இருக்கிறது. குறைந்தவனுக்குப் பங்கு கூடுகிறது, கூடியவனுக்குப் பங்கு குறைகிறது. இதை வைத்துக்கொண்டா கொள்கை பேசுவது?

எது வேளாண்மைக் கணக்கில் வருகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பம்புசெட்டுக்கு வரும் மின்சாரத்துக்காக எரித்த நிலக்கரி எரிசக்திக் கணக்கில் ஏறும். டிராக்டர் டீசலும் அப்படியே. யூரியா ஆலையின் உமிழ்வும் வேறு தலைப்பில் போய்விடும். வயலில் போட்ட பிறகு யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் வேளாண்மையின் தலையில் விழும். இன்னொன்று: 2016ஆம் ஆண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமேற்றும் திறனைக் கரியமில வாயுவைப் போல் 21 மடங்கு என்று பழைய எண்ணில் போட்டிருக்கிறார்கள். இப்போது விஞ்ஞானிகள் சொல்வது 28 மடங்கு அளவில். அந்த எண்ணைப் போட்டால் பங்கு ஒரே நாளில் கூடிவிடும். மாடு அதே மாடு, வயல் அதே வயல்.

மாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. வேளாண் உமிழ்வில் பாதிக்கு மேல், அதாவது 2016 கணக்கில் 54.6 சதவீதம், அசைபோடும் கால்நடைகளின் வயிற்றிலிருந்து வருவது. நெல்லின் பங்கு 17.5 சதவீதம், நாட்டின் மொத்த உமிழ்வில் நூற்றுக்கு இரண்டரை. ஆனால் திட்டினால் திட்டு வாங்குவது நெல்தான். இது புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.7 கோடி டன்னுக்கு மேல் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் 1991இல் வயல் வயலாக இறங்கி அளந்தபோது கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு! அளக்காமல் பேசுவதன் லட்சணம் இது.

2021இல் மீத்தேனைக் குறைப்பதாக நாடுகள் சேர்ந்து ஏற்ற உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. சிறு, குறு விவசாயிகளின் பிழைப்பு பாதிக்கப்படும் என்பது அரசு சொன்ன காரணம். நியாயமான காரணம். அப்படியானால் வெளியூரில் கேடயமாக நிற்கும் அதே சிறு விவசாயி, உள்ளூர் மேடையில் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆகிறான்?

நெல்லில் மீத்தேனைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயலில் தண்ணீர் கட்டியே நின்றால் மண்ணுக்குக் காற்று போகாமல் மீத்தேன் உண்டாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் அது வெகுவாகக் குறையும். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சச் சொல்கிறார்கள். நல்ல முறை. போர்வெல் வைத்திருப்பவர் குறுவையில் தாராளமாகச் செய்யலாம். வாய்க்கால் தண்ணீரை நம்பியிருக்கும் கடைமடைக்காரர் என்ன செய்வார்? அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவர் வந்த தண்ணீரைக் கட்டித்தான் வைப்பார். காயவிட்டுத் தண்ணீர் வராமல் போனால் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும், களை மண்டும், ஆள்கூலி ஏறும். சம்பாவிலோ ஐப்பசி, கார்த்திகை மழை வயலை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, வடிகால் தூர்ந்து கிடக்கும் ஊரில் காய்ச்சலுக்கு ஏது வழி?

ஆகவே நான் கேட்பது: பங்கைச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் டன் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிகாரிகளும் சொல்லட்டும், தங்கள் பத்திரிகையும் தலைப்பிலேயே சொல்லட்டும். பம்புசெட் மின்சாரத்தையும் உர ஆலையையும் தனி வரியாகக் காட்டுங்கள். அவற்றையும் வேளாண்மையோடு சேர்த்துப் பார்க்க விவசாயிகளான நாங்கள் பயப்படவில்லை. குழாயைக் கொடுப்பதற்கு முன் முறைப்பாசன அட்டவணையை வாய்க்கால் வாரியாகக் கையில் கொடுங்கள். எந்தத் தேதியில் தண்ணீர் வரும் என்று எழுதி ஒட்டி, அந்தத் தேதியில் விட்டுக் காட்டினால், காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யுங்கள் என்று எந்த அதிகாரியும் வந்து சொல்லத் தேவையிருக்காது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம்.