புள்ளியால் வந்த பூசல்

பிரெஞ்சு எழுத்தில் ஆண் - பெண் தகராறு

சொல்லின் நடுவே ஒரு சின்னஞ்சிறு புள்ளி. எறும்பின் தலையளவுகூட இராது. அதை வைக்கலாமா, கூடாதா என்று பிரான்ஸ் தேசத்தில் பல வருஷங்களாகச் சண்டை நடக்கிறது. மந்திரிகள் சுற்றறிக்கை விட்டார்கள். செனட் சபை கூடி ஓட்டெடுத்தது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஜனாதிபதியே மேடையேறிப் புள்ளிக்கு எதிராகப் பேசினார்.

"ஒரு புள்ளிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று தோன்றலாம். ஆனால் தலையில் புள்ளி ஏறினால் 'க' என்பது 'க்' ஆகிவிடும் என்று அறிந்த தமிழருக்குப் புள்ளியின் வலிமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சந்திரன் பெண்பால்!

பிரெஞ்சு மொழியில் அஃறிணை என்ற பிரிவே கிடையாது. உயிருள்ளதோ இல்லாததோ, எல்லாம் ஆண்பால் அல்லது பெண்பால்தான். மேஜை பெண்பால், கட்டில் ஆண்பால். சூரியன் ஆண், சந்திரனோ பெண்!

மேஜைக்கும் கட்டிலுக்கும் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. மனிதரைக் குறிக்கும்போதுதான் தொல்லை பிறக்கிறது. மாணவனுக்கு 'எத்யுதியான்' என்று பெயர், மாணவிக்கு 'எத்யுதியாந்த்'. எழுதும்போது இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒரு வகுப்பில் நூறு மாணவிகள் இருந்தாலும், அவர்களோடு ஒரே ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் போதும். அத்தனை பேரையும் ஆண்பால் பன்மையில்தான் எழுத வேண்டும். "ஆண்பால் பெண்பாலை வெல்லும்" என்பது அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உருப்போட்ட விதி. 'மாணவர்', 'அவர்கள்' என்று பலர்பாலில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க அங்கே வழியில்லை.

இந்த விதி மொழியோடு பிறந்ததல்ல. ஒரு காலத்தில், பக்கத்தில் நிற்கும் சொல் எந்தப் பாலோ அந்தப் பாலையே அடைமொழி ஏற்பதும் வழக்கத்தில் இருந்தது. 1647-ம் வருஷம் வோஜ்லா என்ற இலக்கணக்காரர், ஆண்பாலே உயர்ந்தது என்று எழுதினார். 1767-ல் போஸே என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆண், பெண்ணைவிட மேலானவன்; ஆகவே ஆண்பாலும் மேலானது என்று காரணமே கற்பித்துவிட்டார். பெண்கள் இயக்கத்தார் இன்று சுட்டிக் காட்டுவது இதைத்தான். இது இலக்கணமல்ல; இலக்கணத்தின் வேஷத்தில் வந்த பழைய அபிப்பிராயம் என்பது அவர்கள் வாதம்.

மொழிக்குக் காவலாக 1635-ல் ஏற்பட்ட பிரெஞ்சு அகாதெமி முதன்முதலாக ஒரு பெண்மணியைத் தேர்ந்தெடுத்தது 1980-ல். அவர் நாவலாசிரியை மார்கெரீத் யூர்ஸனார். அந்த ஒரு நாற்காலிக்கு 345 வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது!

பாடப் புத்தகத்தில் பற்றிய தீ

இரு பாலாரையும் ஒரே சொல்லில் காட்ட ஒரு யுக்தி பிறந்தது. ஆண்பால் சொல்லை எழுதி, வரியின் நடு உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, அதன் பின் பெண்பால் எழுத்தைச் சேர்ப்பது. 2017-ல் சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு பாடப் புத்தகம் இந்த முறையில் வெளியானதும் தீப்பற்றிக் கொண்டது. அவ்வருஷம் அக்டோபரில், பிரெஞ்சு மொழிக்கே உயிராபத்து வந்துவிட்டதென்று அகாதெமி எச்சரித்தது. நவம்பரில் 314 ஆசிரியர்கள் கையெழுத்திட்டு, "ஆண்பால் வெல்லும்" என்ற விதியை இனிக் கற்பிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். அதே மாதம் பிரதம மந்திரி எதுவார் பிலிப், சர்க்கார் கெஜட்டில் இந்த முறை வேண்டாம் என்று உத்தரவிட்டார். 2021 மே மாதம் கல்வி மந்திரி பிளாங்கேர், பள்ளிகளில் புள்ளி கூடாது என்றார்.

இந்த உத்தரவுகளில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெண் வகிக்கும் பதவியின் பெயரைப் பெண்பாலில் எழுதுவதை இரண்டுமே ஆதரிக்கின்றன. நெடுங்காலம் அதை மறுத்து வந்த அகாதெமியும் 2019 பிப்ரவரியில் இணங்கிவிட்டது. ஆகவே இன்றைய சண்டை பெண்பாற் சொல்லைப் பற்றியதல்ல, புள்ளியைப் பற்றியது.

எழுத்துச் சிற்பிகள் வந்தார்கள்

புள்ளியை ஆதரித்தவர்களும் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பன்மையில் ஒரே சொல்லில் இரண்டு புள்ளிகள் விழும். அரிசியில் கல் போல் கண்ணில் நெருடும். "புள்ளியே இல்லாமல், இரு பாலையும் ஒரே எழுத்தில் இழைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார்கள் அச்செழுத்து வரைபவர்கள்.

தமிழில் 'க்ஷ', 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்துகள் இருப்பதுபோல, ரோமன் அச்சிலும் இரண்டு எழுத்தைப் பிணைத்து ஒன்றாக வார்ப்பது பழைய வழக்கம். அந்தப் பழைய வித்தையையே புதிய காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 2018 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் இரண்டு கலைப் பள்ளிகள் சேர்ந்து நடத்திய பட்டறையில் 'பை பை பைனரி' என்ற குழு உருவாயிற்று. ஆண்பால் ஈறும் பெண்பால் ஈறும் கைகோத்து நிற்கும் புதிய எழுத்துகளை அக்குழுவினர் வரையலானார்கள். 2020-ல் ஜெனிவா கலைப் பள்ளி மாணவர் திரிஸ்தான் பார்த்தோலினி இவ்வகையில் நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்துகளை அமைத்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் கலைப் பரிசைப் பெற்றார்.

பிரஸ்ஸல்ஸ் குழுவின் எழுத்துருக்களில் ஒன்றுக்குப் பெயர் 'பாஸ்கர்வோல்'. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில அச்சுக் கலைஞர் ஜான் பாஸ்கர்வில் வார்த்த எழுத்தின் வழியில் வந்தது அது. அவர் வீட்டு நிர்வாகியாக இருந்து, பின் அவருக்கு மனைவியான சாரா ஈவ்ஸ், கணவர் 1775-ல் இறந்த பின் அச்சுத் தொழிலைத் தாமே நடத்தினார். எழுத்து வார்க்கும் உருக்கு அச்சுகளைப் பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷேயின் கூட்டத்தாருக்கு விற்றவரும் அவரே. எழுத்துக்குக் கணவர் பெயர் நிலைத்தது. மனைவியின் பெயர் மறைந்தது. 1996-ல்தான் ஸுஸானா லிச்கோ என்ற பெண் கலைஞர், தாம் வரைந்த எழுத்துக்கு 'மிஸஸ் ஈவ்ஸ்' என்று பெயரிட்டு அந்தக் கடனைத் தீர்த்தார்.

எதிர்ப்பிலும் நியாயம் உண்டு

புதிய எழுத்தை எதிர்ப்பவர்கள் எல்லோரும் பெண்களுக்கு விரோதிகள் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வையற்றோர் கம்ப்யூட்டர் உரக்கப் படிப்பதைக் கேட்டே கடிதமும் பத்திரிகையும் அறிகிறார்கள். நடுவில் புள்ளி வந்தால் இயந்திரம் தடுமாறுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் குழந்தைகளுக்கு இது இன்னொரு பாரம். எழுதியதை வாயால் எப்படி உச்சரிப்பது என்பதும் கேள்விதான்.

கூட்டெழுத்துக்கு வேறொரு சங்கடம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் யூனிகோடு அட்டவணையில் பொது எண் உண்டு. புதிய கூட்டெழுத்துகளுக்கு அப்படி எண் கிடையாது. தனியார் உபயோகத்துக்கென ஒதுக்கிய இடத்தில் குடியேறியிருக்கின்றன. அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும். சுவரொட்டியில் அழகாக நிற்கும் எழுத்து, தபாலில் போனால் காணாமற் போய்விடுகிறது.

புள்ளியே தேவையில்லை, இரண்டு சொல்லையும் முழுதாக எழுதினால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. ஜெனரல் டி கால், "பிரெஞ்சுப் பெண்மணிகளே, பிரெஞ்சு ஆடவர்களே" என்று அழைத்துத்தான் தேசத்தோடு பேசினார். அதனால் மொழி அழிந்துவிடவில்லை.

சட்டம் எதைத் தொடுகிறது?

2023 மார்ச்சில் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம், நகரசபைக் கல்வெட்டில் புள்ளி இருப்பது தவறல்ல என்று தீர்ப்பளித்தது. அவ்வருஷம் அக்டோபர் 30-ம் தேதி செனட் சபை எதிர்த் திசையில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதே நாளில் விலேர்-கோத்ரே கோட்டையில் பிரெஞ்சு மொழி மாளிகையைத் திறந்து வைத்த ஜனாதிபதி மக்ரோன், ஆண்பாலே பொதுப்பாலாகவும் பயன்படுகிறது, சொல் நடுவே புள்ளி வேண்டாம் என்று பேசினார்.

செனட் நிறைவேற்றியதாலேயே அது சட்டமாகிவிடாது. தேசிய சபையின் சம்மதமும் வேண்டும். ஆனால் மசோதாவின் நோக்கம் கவனிக்கத் தக்கது. வேலை ஒப்பந்தம், தொழிற்சாலை விதிகள், பொருள்களோடு வரும் உபயோகக் குறிப்பு ஆகியவற்றிலும் இம்முறையைத் தடுக்கிறது. இப்படி எழுதிய பத்திரம் செல்லாது என்கிறது. ஒரு தொழிலாளியின் ஒப்பந்தம் ஒரு புள்ளியால் செல்லாமற் போகலாம் என்றால், இது பண்டிதர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்தக் கோட்டைக்கே ஒரு பழங்கதை உண்டு. 1539-ல் மன்னர் பிரான்ஸ்வா, நீதிமன்ற எழுத்து பிரெஞ்சிலேயே இருக்க வேண்டுமென்று உத்தரவிட்டது அங்கேதான். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1529-ல், தோரி என்ற அச்சுக் கலைஞர், எழுத்தின் மேல் கோடு, கீழே வால் என்று பிரெஞ்சுக்குப் புதுக் குறிகள் வேண்டும் என்று புத்தகம் போட்டார். மன்னர் அவரைத் தமது அச்சுக்காரராக நியமித்தார். இன்று அந்தக் குறிகள் இல்லாத பிரெஞ்சைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. அவற்றை முதலில் கொண்டு வந்தவர்கள் அச்சுக்கூடத்தார். அகாதெமி பிறந்ததே அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான்.

ஆகவே புதிய எழுத்தின் தலைவிதியைச் சட்டம் மட்டும் தீர்மானிக்காது. கலைஞர்களின் சாமர்த்தியமும் தீர்மானிக்கும். பெண்ணுக்கு நியாயம் செய்யப் பிறந்த எழுத்து, பார்வையற்றவரையும் தடுமாறும் குழந்தையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டால், அது சுவரொட்டியோடு நின்றுவிடும். எல்லோருக்கும் படிக்க வந்துவிட்டால், எந்தச் சபையும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது.