நீயே வீரன்... நீயே நடுவர்!



பரந்த புல்வெளி. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. கையில் வாள், கேடயம், ஈட்டி, வில். உடையைப் பார்த்தால் அரச காலத்து வீரர்களைப் போலவே இருக்கிறது. குரல் கொடுத்ததும் இரு படைகளும் ஓடி வந்து மோதுகின்றன. சற்று நேரத்தில் பலர், "இறந்து" போகின்றனர். போர் முடிந்ததும், இறந்தவர்கள் எல்லாரும் சிரித்துப் பேசியபடி அடுத்த போருக்குத் தயாராகி விடுகின்றனர்!

இது மாயாஜாலக் கதை அல்ல. உண்மையிலேயே நடக்கும் ஒரு விளையாட்டு. பெயர், டாகோர்ஹிர். 1977ல், அமெரிக்காவில் பிரையன் வீஸ் என்பவர் தொடங்கி வைத்தார். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளர், தம் கதைகளுக்காகத் தாமே ஒரு மொழியை உருவாக்கினார் அல்லவா? அந்த மொழியிலிருந்து எடுத்த பெயர் இது. "போர்த் தலைவர்கள்" என்று பொருள்.

இவர்களின் மிகப் பெரிய கூட்டம், ராக்னராக். 1986ல் ஆரம்பமானது. பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்லிப்பரி ராக் என்ற சிற்றூர் அருகே உள்ள முகாம் திடலில், பல ஆண்டுகளாக ஜூன் மாதத்தில் கூடி வருகின்றனர். ஆயிரத்துக்கும் அதிகமானோர் கூடாரம் அடித்து, ஒரு வாரம் தங்கி விளையாடுவர். ஆண், பெண் இரு பாலரும் களம் இறங்குவர்.

அடிபடாதா என்று கேட்கிறீர்களா? வாளின் உள்ளே இலேசான ஃபைபர் கிளாஸ் கம்பி போன்ற ஒன்று இருக்கும். அதைச் சுற்றிக் கெட்டியாக ஃபோம் ஒட்டி, மேலே துணி உறை போட்டிருப்பர். அம்பின் முனையும் ஃபோம்தான். அது கண் குழிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆயுதத்தையும் சோதித்துப் பார்த்த பிறகே களத்துக்குள் அனுமதிப்பர். வாளால் தலையில் அடிக்கவே கூடாது. யாருக்காவது உண்மையிலேயே காயம் பட்டால், "நிறுத்து" என்று ஒருவர் குரல் கொடுத்தாலும் போதும். மொத்தப் படையும் அப்படியே நின்று விட வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். காலில் அடிபட்டால், அந்தக் கால் போய்விட்டது என்று கணக்கு. மண்டியிட்டுத்தான் சண்டை போட வேண்டும். கையில் பட்டால், அந்தக் கையைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு உறுப்புகள் போனாலோ, உடம்பில் சரியான அடி விழுந்தாலோ, "இறந்து" விட வேண்டும்.

சரி, அடி விழுந்ததா, இல்லையா என்று யார் சொல்வது? மேற்பார்வையாளர்கள் இருக்கின்றனர். ஆனால், நூற்றுக்கணக்கானோர் மோதும் கூட்டத்தில் ஒவ்வோர் அடியையும் அவர்களால் பார்க்க முடியுமா? ஆகவே, அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். "நான் அவுட்" என்று தானே ஒப்புக்கொண்டு, விலகிப் போக வேண்டும். நீயே வீரன்; நீயே நடுவர்!

ஒருவர் பொய் சொன்னால் என்ன ஆகும்? "பட்டும் படாதது போல் நிற்கிறாரே" என்று எதிராளிக்குக் கோபம் வரும். அடுத்த முறை, இன்னும் பலமாக அடிப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பலமாக அடிப்பர். ஃபோம் வாள் என்றாலும், ஓங்கி ஓங்கி அடித்தால் வலிக்கத்தானே செய்யும்? ஆக, அங்கே எல்லாரையும் காப்பாற்றுவது ஃபோம் மட்டுமல்ல, உண்மையும்தான். ஒரே ஒருவர் சொல்லும் பொய், விளையாட்டைச் சண்டையாக மாற்றி விடும்.

குழந்தைகளே, தெருவில் நீங்கள் கிரிக்கெட் விளையாடும்போதும் அம்பயர் கிடையாது. பந்து மட்டையின் ஓரத்தை உரசியது, அடித்தவனுக்கு மட்டும் தெரியும். "படவே இல்லை" என்று அவன் சாதித்தால், அன்றைக்கு இன்னும் நாலு பந்து ஆடலாம். மறுநாள்? அவனோடு சேர்ந்து ஆட யார் வருவர்? "பட்டது, நான் அவுட்" என்று சொல்லி மட்டையைக் கொடுப்பவனைத்தான், எந்த அணியும் விரும்பி அழைக்கும்.

தோற்பது அவமானம் அல்ல. ராக்னராக்கில், எப்பேர்ப்பட்ட வீரரும் ஒரே நாளில் பல முறை "இறந்து" எழுகிறார். தோல்வியை ஒப்புக்கொண்டவருக்குத்தான், அடுத்த ஆட்டத்தில் மரியாதையான இடம் கிடைக்கிறது.

இன்னொன்று... இதைப் படித்து விட்டு, மூங்கில் குச்சியையும் ஸ்கேலையும் வாளாக்கிச் சண்டை போடக் கிளம்பி விடாதீர்கள். கண் போனால் திரும்ப வராது. அவர்களின் வாளை நீங்கள் எடுக்க வேண்டாம். அவர்களின் நேர்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்தச் சோதனையும் இல்லை. எந்தத் திடலுக்கும் கொண்டு போகலாம்.

இன்று மாலை விளையாடும்போதே ஆரம்பிக்கலாமே... என்ன, சரிதானே?