348 கோல்களும் 15ஆம் இடமும்

2019 இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் பதினாறு அணிகள். இலங்கைக்குக் கிடைத்தது 15ஆம் இடம். அதே தொடரில் மற்ற எல்லோரையும்விட அதிக கோல் போட்டவர் யாழ்ப்பாணத்து ஈவினையைச் சேர்ந்த எங்கள் தர்ஜினி சிவலிங்கம். 348 கோல்கள், அதுவும் நாற்பது வயதில்!

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் எனக்கு மனம் ஆறுவதில்லை. கோல் எய்பவர் தன் முனையிலுள்ள மூன்றிலொரு பங்கு களத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்த ஆட்டத்தின் விதி. பந்தை மற்றவர்கள்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மறுமுனையில் எதிரணி கோல் மேல் கோலாகப் போட்டாலும் அவர் ஓடிப்போய்த் தடுக்க முடியாது. ஆகவே அந்தத் தோல்விகளை அவருடைய வயதின்மேல் ஏற்றுவது அநியாயம். நடுக்களத்துக்கும் தடுப்புக்கும் ஆள் வளர்க்காமல், ஆறடி பத்தங்குல உயரத்தை மட்டும் நம்பியிருந்தோம். 2022 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் வளையத்தின் கீழே நின்றவர், 43 வயதான அதே தர்ஜினிதான்.

வடக்கின் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பந்து கடத்தவும் தடுக்கவும் பழக்க, முழுநேரச் சம்பளத்தோடு அவரை அழைக்க வேண்டும். அதை இந்த வருடமே செய்ய வேண்டும்.