பெனரில் பெயர் வராத பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. பத்து நிமிடம் ஒதுக்கி வாசியுங்கள். 17, 18 வயதில் வீட்டில் சும்மா இருக்கும் ஒரு பிள்ளை உங்கள் குடும்பத்தில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் எங்களிடம் படித்த ஒரு பிள்ளை பாடசாலை அலுவலகத்துக்கு வந்திருந்தார். இப்போது அவருக்கு இருபது வயது. விடுகைப் பத்திரம் எடுக்க வந்தவர். மூன்று வருடமாக ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை. எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் அளவுக்குக் கைத்திறமை. வெளிநாடு போகலாம் என்று ஏஜென்சிக்குப் போயிருக்கிறார். "வேலை தெரியுமா?" என்று கேட்டார்களாம். தெரியும் என்றிருக்கிறார். "சேர்ட்டிபிக்கட் இருக்கா?" என்று கேட்டார்களாம். பதில் இல்லை.

"ஓ.எல்.ல கணக்கு மட்டும்தான் சேர் டபிள்யூ. மத்ததெல்லாம் பாஸ்தான். ரெண்டு சீ இருக்கு" என்றார்.

"திரும்ப எழுதலையா தம்பி?"

"பிரைவேட்டா எழுதுங்கன்னு சொன்னீங்க சேர். எப்படி எழுதுறன்னு யாரும் சொல்லல்ல."

அவர் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. ஆனாலும் எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது. ஏனென்றால் அது உண்மை. ரிசல்ட்ஸ் வந்த அன்று நாங்கள் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். இவருக்குக் கொடுக்க எங்களிடம் இருந்தது "பிரைவேட்டா எழுது தம்பி" என்ற ஒரு வசனம் மட்டும்தான்.

கல்வியியற் கல்லூரியில் 'பரிகாரக் கற்பித்தல்' என்று படித்தோம். பின்தங்கிய பிள்ளையைக் கண்டுபிடித்து, எங்கே தடுக்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து தூக்கிவிட வேண்டும். நல்ல பாடம். ஆனால் நடைமுறையில் அந்தப் பரிகாரம் 11ஆம் தரத்தோடு முடிந்துவிடுகிறது. ரிசல்ட்ஸ் வந்த பிறகு அந்தப் பிள்ளை பாடசாலைக்கும் சொந்தமில்லை, வேறு எந்த இடத்துக்கும் சொந்தமில்லை. 2016இலிருந்து கட்டாயக் கல்வி வயது 16. அதற்குப் பிறகு வராத பிள்ளையைத் தேடிப் போகும் கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

வழியே இல்லை என்றால் பரவாயில்லை, விதி என்று இருந்துவிடலாம். ஆனால் வழிகள் இருக்கின்றன.

முதலாவது, அதே பரீட்சை. ஏ.எல். படிக்க ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும், மூன்று பாடத்தில் திறமைச் சித்தி இருக்க வேண்டும். இதை ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்று இல்லை. இரண்டு தடவை பெறுபேறுகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒன்பது பாடத்தையும் திரும்ப எழுதத் தேவையில்லை, தேவையான பாடத்தை மட்டும் எழுதலாம். அந்தக் கராஜ் தம்பிக்குத் தேவைப்பட்டது கணிதமும் இன்னும் ஒரு சீயும்தான். இதற்காக மூன்று வருடம் போயிருக்கிறது.

இரண்டாவது, 13 வருட உத்தரவாதக் கல்வி. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய திட்டம். ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் 12ஆம் தரத்தில் தொழில் பிரிவில் சேரலாம். கடைசியில் என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழ். பாடசாலைச் சீருடையோடு போய்ப் படிப்பதால் "ஸ்கூலால விலகிட்டான்" என்ற பேச்சும் இல்லை. நம் பக்கத்தில் எந்தப் பாடசாலையில் இது இருக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது, தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகள், நைட்டா. வயரிங், வெல்டிங், ஏ.சி. திருத்துதல், தையல், தாதிய உதவியாளர் என்று பல பாடநெறிகள். சிலவற்றுக்கு ஓ.எல். சித்தியே தேவையில்லை. என்.வி.கியூ. ஏழு மட்டங்கள் கொண்டது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது. இந்தப் பாதையில் போனவருக்கும் பட்டம் வரை ஏற ஏணி உண்டு.

நான்காவதைத்தான் நம்ம ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஏற்கனவே தொழில் தெரிந்தவர் திரும்ப வகுப்பில் போய் உட்காரத் தேவையில்லை. அவர் செய்த வேலைக்கான ஆதாரங்களைச் சேர்த்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் வந்து செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார். தகுதி இருந்தால் என்.வி.கியூ. சான்றிதழ். கராஜ் தம்பிக்கு மட்டுமல்ல, இருபது வருடமாக மேசன் வேலை செய்யும் நம்ம வாப்பாமாருக்கும் இது கிடைக்கும்.

ஐந்தாவது, திறந்த பல்கலைக்கழகம். 18 வயது தாண்டியவர்களுக்கு அடிப்படைப் பாடநெறிகள் இருக்கின்றன. ஏ.எல். இல்லாமல் அதில் தொடங்கிப் பட்டப்படிப்பு வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சொன்னால் பெற்றோர் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். "எங்கட புள்ளைய பாஸ் வேலைக்கா அனுப்பச் சொல்றீங்க?" என்பது ஒன்று. "இப்பவே கடைல நாளைக்கு ரெண்டாயிரம் தாறாங்க, படிச்சு என்ன செய்ய?" என்பது மற்றது.

முதல் கேள்விக்கு எங்கள் பதில்: பாஸ் வேலை கேவலமில்லை, சான்றிதழ் இல்லாமல் காலம் முழுக்கக் கையாளாக இருப்பதுதான் கஷ்டம். இரண்டாவது கேள்வியை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. அந்த இரண்டாயிரத்தில் அடுப்பு எரியும் வீடுகள் இருக்கின்றன. வாப்பா இல்லாத வீட்டில் மூத்த மகனிடம் "ஒரு வருடம் படி" என்று சொல்வது எங்களுக்கு இலகு, அவருக்கு இலகு இல்லை. அதனால்தான் இதை ஒரு குடும்பத்தின் தலையில் போடாமல் ஊர் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறோம்.

குறைகளையும் மறைக்கவில்லை. சில பயிற்சி நிலையங்களில் உபகரணம் போதாது. சில பாடநெறிகளில் தமிழ் மொழியில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சான்றிதழ் எடுத்தவுடன் வேலை கதவைத் தட்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் சந்தியில் நிற்பதை விட இது மேல்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓ.எல். சரியாக வரவில்லை என்றால் நம்மில் பலர் உடனே அடுத்ததாகப் பார்ப்பது மாப்பிள்ளையைத்தான். கலியாணம் நல்ல விடயம். ஆனால் அது பரீட்சையில் விழுந்ததற்கான தண்டனை மாதிரி இருக்கக் கூடாது. தூரம்தான் பிரச்சினை என்றால் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கலாம். ஹிப்ழ் முடித்துவிட்டு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். குர்ஆனையே மனனம் செய்த மூளைக்கு ஓ.எல். கணிதம் முடியாததா? வயது கூடிவிட்டது என்ற வெட்கத்தில்தான் பலர் பின்னுக்கு நிற்கிறார்கள்.

ஊருக்கு எங்கள் கோரிக்கை நான்கே நான்கு.

ரிசல்ட்ஸ் வந்து இரண்டு வாரத்துக்குள், சித்தியடையாத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் பிரிந்து போவோம். குறை சொல்வதற்கல்ல, அடுத்த வழியைச் சொல்வதற்கு.

பள்ளிவாசல் மண்டபத்தில் இஷாவுக்குப் பிறகு, திரும்ப எழுதும் ஆண் பிள்ளைகளுக்குக் கணித, தமிழ் வகுப்பு. பெண் பிள்ளைகளுக்குப் பகலில். கணித ஆசிரியர்கள் ஊரில் இருக்கிறோம். கிழமையில் இரண்டு நாள் எங்களால் தர முடியும்.

வசதியில்லாத பிள்ளைகளின் விண்ணப்பம், பஸ் காசு, தொழில் உபகரணம் ஆகியவற்றுக்கு ஒரு நிதி. ஸகாத்திலிருந்து எதைக் கொடுக்கலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுச் செய்யலாம்.

பயிற்சி நிலையங்கள் விண்ணப்பம் கோரும் திகதிகளை ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிக்க வேண்டும். ஜனாஸா அறிவித்தல் போல இதுவும் ஊருக்குத் தேவையான அறிவித்தல்தான். பிரதேச செயலகத்தில் மனித வள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் விபரம் எடுக்கலாம்.

ஒன்பது ஏ பிள்ளைகளுக்குப் பெனர் அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடியுங்கள், அவர்கள் பாடுபட்டவர்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை பெனரில் பெயர் வராத பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள்.

கராஜ் தம்பியின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். அவர் வேலை செய்யும் கராஜ் உரிமையாளர் தாமாகவே கடிதம் தந்தார். மதிப்பீட்டுத் திகதிக்குக் காத்திருக்கிறார். கணிதமும் இந்த முறை எழுதப் போகிறாராம். துஆ செய்யுங்கள்.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். பெயரை வெளியில் சொல்ல மாட்டோம். வகுப்பு எடுக்க விருப்பமுள்ள ஆசிரியர்கள் கீழே கருத்தில் சொல்லுங்கள், இந்த வெள்ளிக்கிழமையே இருந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.